பதினெட்டாவது நிமிடம்

"வாப்பா, ஆன் பண்ணா லைட்டு எரியுது. ஆனா திரையில ஒண்ணும் வர மாட்டேங்குது."

"ஃபேன் சுத்துதா? காதை வச்சுக் கேளு."

"சுத்துது."

"அப்ப உசுரு இருக்கு. பயப்படாமக் கொண்டா."

"உசுரு இருக்காம்ல. டாக்டர் அப்துல் லத்தீப் சொல்லிட்டாங்க, இனி என்ன கவலை."

இப்படித்தான், மாப்பிள்ளை, இது ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆரிபா சிரித்துக்கொண்டே அந்தக் கனத்த லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

நேற்று நீங்கள் அவளிடம் ஏன் என்று கேட்டபோது, "அத வாப்பாகிட்டயே கேட்டுக்குங்க மச்சான்" என்று அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. நியாயம்தான். செய்தவன் சொல்வதுதான் முறை. அவளைக் கூட்டிப்போக ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வரும். நேரம் இருக்கிறது. டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

அன்றைக்கு வந்தது உண்மையான கோளாறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த லேப்டாப் நான் கடைசியாகப் போன கப்பலில் இருந்தபோது சிங்கப்பூரில் வாங்கியது. பழசு, ஆனால் நல்ல கட்டு. நம் தெருவோ கடலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக் காற்று இயந்திரத்தை மட்டும் விட்டுவிடுமா? உள்ளே ரேம் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதன் பற்களில் அழுக்குப் படிந்துவிட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் பற்களை நாலு தேய் தேய்த்து, திரும்ப வைத்து அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

கழற்றிய திருகாணிகளை எதில் போடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரிபா அடுப்படியிலிருந்து குழிப்பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு குழிக்கு ஒரு வகை. கலந்தா நான் பொறுப்பில்ல" என்றாள். முப்பத்தைந்து வருஷம் கப்பலில் ரேடியோவும் மின்சாதனங்களும் பார்த்தவன் நான். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை.

வேலை அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பத்து வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாளாம்.

"அப்ப நான் எங்கே இருந்தேன்?"

"பிரேசில்லன்னு உம்மா சொன்னாங்க. ஆறு தையல் போட்டாங்க வாப்பா. நான் அழவே இல்ல."

என் மனைவி சித்திக்கா மௌத்தாகி அப்போது ஏழு மாதம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதுவரை ஆரிபாவும் நானும் "சோறு வைக்கவா", "மோட்டார் போட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பழக்கம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிற ஆளிடம் ஒரு பிள்ளை என்ன பேசும்? அவளுக்கு எது உடைந்தாலும் "உம்மா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட வைத்தது அந்த லேப்டாப்தான்.

இரண்டாவது கோளாறும் தானாக வந்ததுதான். சூடேறி நின்றுபோயிற்று. உள்ளே சூட்டை இழுக்கிற செப்புத் தகடு ஒன்று உண்டு. அதற்கும் கீழே இருக்கிற சில்லுக்கும் நடுவில் ஒரு பசை தடவியிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது மண்ணாகக் காய்ந்துபோயிருந்தது. சுரண்டி எடுத்துப் புதுப் பசை தடவினேன். ஃபேனிலிருந்து அவள் பஞ்சுப் பஞ்சாகத் தூசியை எடுத்து, "இதுல ஒரு தலையணை தைக்கலாம் வாப்பா" என்றாள். அன்றைக்கும் இரண்டு மணி நேரம்.

பிறகு மூன்று மாதம் அது நன்றாக ஓடியது.

அந்த மூன்று மாதத்தில்தான் உங்கள் திட்டம் வந்தது மாப்பிள்ளை. உங்கள் சம்பளத்தில் குடும்ப விசா கிடைக்காது, ஆனால் ஆரிபாவுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தால் விசாவும் கிடைக்கும், இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம் என்றீர்கள். எம்.எஸ்ஸி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்தவள், கிடைக்காமல் போகாது என்றீர்கள். நல்ல திட்டம். நானும் நல்ல திட்டம் என்றுதான் சொன்னேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நம்மில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நிக்காஹ்வுக்கு முந்தின வாரமே இந்த வீட்டை அவள் பெயரில் எழுதிவைத்தேன். நான் இருப்பது அவள் வீட்டில். இதை உரிமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு வேறு வீடு இல்லை என்பதற்காகவும் சொல்லவில்லை. ஒரு விவரத்துக்காகச் சொல்கிறேன்.

முதல் நேர்காணலுக்கு முந்தின நாள் அவள், "எதுக்கும் ஒரு தடவை தொடச்சுக் குடுத்துடுங்க வாப்பா" என்று லேப்டாப்பைக் கொடுத்தாள். ரேமைக் கழற்றித் துடைத்தேன். திரும்ப வைத்து அழுத்தினேன். வலது பக்கம் 'டக்' என்றது. இடது பக்கம் சத்தம் வரவில்லை.

அது வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்னொரு அழுத்து அழுத்தியிருக்கலாம். மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினேன்.

அவ்வளவுதான் செய்தேன். உண்மையில் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் அவள் புது ஹிஜாப் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "குட் மார்னிங்" என்று சொல்லி, திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். கறுப்பாகிவிட்டது. "வாப்பா" என்று கூப்பிட்டாள். நான் ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம்.

அன்று பிற்பகல் பணியாரச் சட்டி மறுபடி மேசைக்கு வந்தது. அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு சமாதானமாகி, ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பெயிலான கதையைச் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரியாத கதை.

அதற்குப் பிறகு வந்தவற்றை நான் தற்செயல் என்று சொல்லமாட்டேன். உங்கள் முன்னால் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேமரா கம்பி கீலுக்குள் ஓடும், அதை ஒரு நூல் அளவு இழுத்துவைத்தால் மூடி ஒரு கோணத்துக்கு மேல் போனதும் படம் நின்றுவிடும். வைஃபை கம்பி ஒரு சின்னப் பொத்தானில் மாட்டியிருக்கும், கழற்றி மேலாக வைத்துவிட்டால் பக்கத்து அறையிலிருக்கிற சிக்னல் பக்கத்து ஊரிலிருப்பது போல வரும். இதெல்லாம் எனக்கு விரல்நுனி வேலை. ஆனால் இவையெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே அவள் பதறுவாள். அந்தப் பதற்றத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் காகிதத்துக்கு மாறினேன்.

செப்புத் தகட்டுக்கும் சில்லுக்கும் நடுவில் பசையைத் துடைத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் சூடு மேலே ஏறாது. சாதாரண வேலைக்கு ஒன்றும் தெரியாது. வீடியோ ஓட ஆரம்பித்தால் மெல்ல மெல்லச் சூடேறி, தானாக அணைந்துவிடும். ஒற்றைக் காகிதத்துக்குப் பதினெட்டு நிமிடம். மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன், அரை நிமிடம் கூட மாறவில்லை. அவள் நடத்திக்காட்ட வேண்டிய மாதிரி வகுப்பு முப்பது நிமிடம்.

பதினெட்டு நிமிடமாவது அவள் நிம்மதியாகப் பாடம் எடுக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

காகிதத்துக்கு அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கிற நாள்காட்டியைத்தான் பயன்படுத்தினேன். அந்தத் தாள் மெல்லிசாகச் சரியாக இருக்கும். ஆனால் அதில் கீழே ஒரு நபிமொழி அச்சிட்டிருப்பார்கள். அதைப் போய் இயந்திரத்துக்குள் வைத்துக் கருக்குவது மரியாதை இல்லை. அதனால் எப்போதும் மேல் மூலையைத்தான் கிழிப்பேன். இந்த விஷயத்தில் நான் ஒரு தடவை கூடத் தவறியதில்லை.

அவள் பாடம் எடுக்கும்போது பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் அவள் பாடம் எடுத்துக் கேட்டதில்லை, இல்லையா? ஒளி விலகலை அவள் சொல்லிக்கொடுப்பாள். தண்ணீர் டம்ளரில் போட்ட பென்சில் ஏன் வளைந்து தெரிகிறது என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெரிய டீச்சர்கள் கூடச் சத்தமில்லாமல் இருப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். பதினாறு. பதினேழு. அவள் குரல் அப்போதுதான் நன்றாகத் திறந்து வந்திருக்கும்.

பிறகு, "வாப்பா."

இப்படிப் பதினொரு நேர்காணல்.

நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள். போனில், "மாமா, பேட்டரியைக் கழட்டிட்டு பவர் பட்டனை முப்பது செகண்டு அழுத்திப் புடிங்க" என்றீர்கள். பிடித்தேன். "சூட்டினால நிக்கிதான்னு கையை வச்சுப் பாருங்க மாமா" என்றீர்கள். கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்றேன். நீங்கள் சரியான பாதையில்தான் போனீர்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் மாமனாரிடம் அதற்கு மேல் கேட்கக் கூச்சப்பட்டீர்கள். நல்ல வளர்ப்பு.

புது லேப்டாப் அனுப்புகிறேன் என்றும் சொன்னீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆரிபாதான் சொன்னாள். "வாப்பா ஒவ்வொரு தடவையும் உக்காந்து உசுரக் குடுத்து சரி பண்றாங்க மச்சான். புதுசு வந்தா அவங்க மனசு நொந்துடும்" என்று அவள் உங்களிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது. அவ்வளவு நல்ல பிள்ளை. ஒரு தடவை போனிலேயே வகுப்பெடுத்துப் பார்த்தாள். பலகை தெரியவில்லை, லேப்டாப்பில் வாருங்கள் என்று பள்ளிக்கூடக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தோழி பஹீமாவிடம் இரவல் வாங்கவா என்று என்னிடம் கேட்டாள். "வீட்டுல ஒண்ணு இருக்கறப்ப எதுக்கும்மா தெருவுல போய்க் கேக்கறே" என்றேன். அத்தோடு விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு தடவை எனக்குத் தெரியாமல் தலத்தெருவில் கடை வைத்திருக்கிற மாரிக்கண்ணு என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அந்த ஆள் திறந்து பார்த்துவிட்டு, "இதுல யாரோ கை வச்சிருக்காங்கக்கா, தானா இப்படிக் கழண்டுக்காது" என்று சொல்லியிருக்கிறான். வந்து என்னிடம் அப்படியே சொன்னாள்.

"அதுல கை வச்சது நான்தானேம்மா. வேற யாரு வைப்பா?" என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். எங்க வாப்பா கப்பல்ல இன்ஜினியரா இருந்தவங்க, மரியாதையாப் பேசுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

உண்மையைச் சொன்னால் யாரும் கவனிப்பதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆறாவது நேர்காணலுக்குப் பிறகு அவள் கை நடுங்க ஆரம்பித்தது. எட்டாவதுக்குப் பிறகு தூக்கம் போயிற்று. "என் கைதான் ராசியில்ல வாப்பா. நான் தொட்டா நின்னுடுது" என்று சொல்லத் தொடங்கினாள். நாகூருக்குப் போய் ஓதிய கயிறு வாங்கிவந்து ஒன்றைத் தன் கையிலும் இன்னொன்றை லேப்டாப் கீலிலும் கட்டினாள். கீலில் கட்டிய கயிற்றை ஒவ்வொரு தடவையும் பத்திரமாக அவிழ்த்து, வேலை முடிந்ததும் அதே முடிச்சு போட்டுக் கட்டிவைப்பேன். டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். காலையில் ஒரு மாத்திரை, படுக்கும் முன் ஒன்று. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு வேளை கூடத் தப்பாமல் தண்ணீரோடு நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. நாலு வருஷத்தில் இரண்டே தடவை, மொத்தம் அறுபது நாள் சேர்ந்திருந்தவர்களுக்குக் குழந்தை இல்லையே என்று உங்கள் உம்மா இன்னொரு பெண் பார்க்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் ஒருநாள் போனில், "உனக்கு வர இஷ்டமில்லைன்னா சொல்லிடு ஆரிபா, ஒவ்வொரு தடவையும் லேப்டாப் மேல பழி போடாத" என்று கத்தினீர்கள். அவள் போனை வைத்தாள். உங்களைக் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு அவளுக்குப் பிடிக்குமே என்று நானே இறால் வாங்கிவந்து ஆக்கிப்போட்டேன். சாப்பிடவில்லை.

சித்திக்கா போவதற்கு நாலு நாள் முன்பு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருந்த மாதிரி அவ இருக்க வேணாம். மாப்பிள்ளை அஸ்கரோட அனுப்பி வச்சிடுங்க" என்றாள். எனக்கு அது இன்றுவரை சரியாகப் புரியவில்லை. சித்திக்கா எப்படி இருந்தாள்? நல்ல வீடு, பக்கத்தில் சொந்தம், மாதம் தவறாமல் என் கடிதம். முப்பது வருஷத்தில் ஒருநாள் கூட அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறை இருந்திருந்தால் சொல்லியிருப்பாளே.

எப்படிப் பிடிபட்டேன் என்று கேட்பீர்கள். இரண்டு நல்ல பழக்கங்களால்தான்.

கப்பலில் ரேடியோ ஆபீசருக்கு ஒரு நோட்டு உண்டு. நடந்தது எதுவானாலும் கிரீன்விச் நேரம் போட்டு அதில் எழுதவேண்டும். விடக்கூடாது, அடிக்கக்கூடாது, பொய் எழுதக்கூடாது. பொய் எழுதினால் லைசென்ஸ் போய்விடும். கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. லேப்டாப்புக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, நேரம், கோளாறு, செய்தது, குறிப்பு. தானாக வந்த கோளாறையும் எழுதினேன், நான் வைத்ததையும் எழுதினேன். ஆங்கிலச் சுருக்கெழுத்தில்தான், யாருக்கும் புரியாது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு புதன்கிழமை பதினோராவது நேர்காணல் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தபோது அவள் பணியாரச் சட்டியை எடுத்துவைத்து, தானே லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். நாலு வருஷமாக டார்ச் பிடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். நான் வருவதற்குள் சரிசெய்து வைத்து என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளாம். செப்புத் தகட்டைத் தூக்கினால் கீழே ஒரு காகிதத் துண்டு. ஓரம் கருகியிருக்கிறது. நடுவில் அந்தப் புதன்கிழமைத் தேதி.

மேல் மூலையில் தேதிதான் இருக்கும். நபிமொழியை மட்டும் பார்த்தேனே தவிர இதை யோசிக்கவில்லை.

நான் தொழுதுவிட்டு வந்தபோது மேசையில் காகிதத் துண்டும், நோட்டும், அவளுடைய போனும் வரிசையாக இருந்தன. போனில் பதினொரு நேர்காணல் தேதிகளும் நேரமும் இருந்தன. அவள் அழவில்லை.

"உக்காருங்க வாப்பா. இதுல இருக்கறது புரியுது. நேரம் மட்டும் இடிக்குது. போன மார்ச்சுல, நாலு இருபத்தஞ்சு, பசை நீக்கம், காகிதம் வைப்புன்னு எழுதியிருக்கு. அஞ்சரை மணி கழிச்சா முந்தின நாள் ராத்திரி பதினொண்ணு. ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப் என் தலைமாட்டுல இருந்துச்சு. அப்ப இது நீங்க இல்லையா?"

அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கணக்குத் தப்பாக இருந்தது.

"கழிக்கக் கூடாதும்மா. கூட்டணும்" என்றேன். "கிரீன்விச் நமக்குப் பின்னால இருக்கு. நாலு இருபத்தஞ்சோட அஞ்சரையைக் கூட்டு."

கூட்டினாள். "காலையில ஒன்பது அம்பத்தஞ்சு."

"ஆமா."

"அப்ப நான் தொழுதுக்கிட்டு இருந்தேன் வாப்பா. இண்டர்வியூ நல்லபடியா நடக்கணும்னு நஃபில் தொழுதுக்கிட்டு இருந்தேன்."

"ஆமா. குளிச்சுத் தொழுது முடிக்க உனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு அது போதும்."

அவள் நோட்டை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளி, "எதெல்லாம் தானா வந்ததோ அதுக்கு டிக் போடுங்க" என்றாள். மொத்தம் இருபத்தாறு பதிவு. முதல் பக்கத்தில் இரண்டு டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். அவள் கடைசிப் பத்தியைத் தொட்டுக் காட்டினாள். குறிப்பு என்கிற பத்தி. 'ஆ. காலையிலிருந்து அழுகை. உணவு இல்லை.' 'ஆ. கை நடுக்கம் அதிகம்.' 'ஆ. இன்று சிரித்தாள், 14.20.' இயந்திரக் கோளாறு இல்லை என்பதால் அதையெல்லாம் அந்தப் பத்தியில்தான் எழுதவேண்டியிருந்தது.

"இத எழுதும்போது கை கூசலையா வாப்பா?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "எழுதாம விட்டாத்தான்மா கூசும்."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பஹீமா வீட்டுக்குப் போய் அவளுடைய லேப்டாப்பில் பேசினாள். முதல் வகுப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது. முப்பது நிமிடமும் முழுசாக எடுத்தாளாம். முடிவில் பென்சிலைப் பற்றி என்ன சொல்லி முடிப்பாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. இந்த இரண்டு மாதமாக வேளாவேளைக்கு எனக்குச் சோறு வைக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள், இப்போது ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லவில்லை.

நான் அவளுக்கு எதையும் இல்லாமல் ஆக்கவில்லை மாப்பிள்ளை. இதை நீங்கள் பொறுமையாக யோசித்துப் பார்க்கவேண்டும். வேலை இன்றைக்குக் கிடைத்திருக்கிறது. விசா வந்திருக்கிறது. நீங்களும் இன்னொரு நிக்காஹ் செய்யாமல் காத்திருந்தீர்கள். நாலு வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். நான் முப்பத்தைந்து வருஷம் தள்ளிப்போட்டவன். அதோடு பார்த்தால் நாலு பெரிய எண் இல்லை.

வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்கிறது. உள்ளே அவள் பெட்டியின் ஜிப்பை இழுக்கிறாள். நீங்கள் டீயைத் தொடவே இல்லை.

எழுந்திருக்காதீர்கள், ஒரு நிமிடம். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். இந்த நாலு வருஷத்தில் ஆரிபாவிடம் போகாதே என்று ஒரு தடவை கூட நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அவளிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க மாப்பிள்ளை. புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."